நாலு சக்கரமும் இழுக்கட்டும், நாலு பேரும் திரும்பட்டும்!

கே: சென்னையிலிருந்து லே வரை சொந்த வண்டியில் போக ஆசை. ஃபோர் பை ஃபோர் இல்லாமல் முடியாதா?
*– வாசகர், மதுரவாயல்*

ப: முடியும். ஹிமாச்சல் அரசுப் பேருந்தே கோடையில் டெல்லியிலிருந்து லே வரை ஓடுகிறது. அதற்குப் பின்சக்கர இழுவை மட்டும்தான். சென்னையிலிருந்து மணாலி வழியாக லே ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். அதில் மிகப் பெரும்பகுதி தார் ரோடு. பனி உருகி ரோட்டைக் குறுக்கே அறுத்து ஓடும் ஓடைகள், ஸ்ரீநகர் வழியில் போனால் ஜோஜி லா கணவாயின் சேறு, சீசன் தொடக்கத்தில் கிடக்கும் பனி, சாங்தாங் பக்கத்து மணல்தடம் ஆகிய இடங்களில்தான் நாலு சக்கரமும் இழுத்தால் நிம்மதி. ஆகவே, அந்தச் சில கிலோமீட்டருக்கு ஃபோர் பை ஃபோர் வேண்டுமா என்று யோசிப்பதற்கு முன்னால், மீதி மூவாயிரத்துக்கும் இந்த வண்டி தாங்குமா என்று யோசியுங்கள்.

கே: ஆல் வீல் டிரைவ், ஃபோர் வீல் டிரைவ்: இரண்டும் ஒன்றுதானே?
*– வாசகி, திருச்சி*

ப: இல்லை. ஆல் வீல் டிரைவில் பெரும்பாலும் முன்சக்கரம் இழுக்கும். அது வழுக்கினால் பின்சக்கரத்துக்கும் கொஞ்சம் சக்தி தானாகப் போகும். பழைய ரெனோ டஸ்டர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் இந்த ரகம். மழை, ஈரப் புல், லேசான பனிக்கு இது போதும்.

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் குர்க்காவில் கியர் பாக்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி உண்டு. 2எச் (இரண்டு சக்கர இழுவை), 4எச் (நாலு சக்கர இழுவை), 4எல் (நாலு சக்கர இழுவை, மெதுவேகம்) என்று மாற்றிக்கொள்ளலாம். 4எல் போட்டால் இன்ஜினின் இழுவை ஜிம்னியில் ஏறத்தாழ இரண்டு மடங்கு, தாரில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெருகும். அதே அளவுக்கு வேகம் குறையும். கல்லும் குழியுமான ஏற்றத்தில் கிளட்ச்சைக் கருக்காமல் நடைவேகத்தில் ஏறலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்பில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். மெதுவாக ஏறுவதன் அருமை அங்கே புரியும்.

கே: தார் என்றாலே ஃபோர் பை ஃபோர்தானே?
*– வாசகர், ஈரோடு*

ப: 2023 ஜனவரிக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. அன்று முதல் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள தாரும் விற்பனைக்கு வந்துவிட்டது. 2024-இல் வந்த தார் ராக்ஸில் பெட்ரோல் வாங்கினால் ஃபோர் பை ஃபோரே கிடையாது, டீசலில் மட்டும்தான். ஸ்கார்ப்பியோவிலும் பெரும்பாலானவை பின்சக்கர வண்டிகளே. செகண்ட் ஹேண்ட் விளம்பரத்தில் வண்டியின் பெயரைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். தாரிலும் ஜிம்னியிலும் கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டாவது லீவர் நிற்க வேண்டும். அது இல்லையென்றால் ஃபோர் பை ஃபோரும் இல்லை.

கே: கையில் எட்டு லட்சம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். என்ன வாங்கலாம்?
*– வாசகர், சேலம்*

ப: முதலில் கணக்கை மாற்றுங்கள். எட்டு லட்சம் இருந்தால் வண்டிக்கு ஆறரை. மீதி டயர், பேட்டரி, பிரேக், சஸ்பென்ஷன், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றத்துக்கு. பழைய ஃபோர் பை ஃபோர் வாங்கிய முதல் மாதத்திலேயே செலவு வைக்கும். அதைத் தாங்கப் பணம் இல்லாதவர் அந்த வண்டியை வாங்கக் கூடாது.

குடும்பத்தோடு நீண்ட பயணம் என்றால் என் முதல் தேர்வு, நன்றாகப் பராமரித்த டஸ்டர் ஆல் வீல் டிரைவ் டீசல். இந்தியாவில் 2014-இல் வந்தது. 1.5 லிட்டர் டர்போ, ஆறு கியர், பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம். பிள்ளைகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வரலாம். 4எல் இல்லைதான், ஆனால் முதல் கியர் மிகவும் குட்டையாக இருப்பதால் ஏற்றத்தில் சமாளிக்கும். ஏர்பேக் உள்ள வேரியண்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். ஆல் வீல் டிரைவுக்கென்றே உள்ள பாகங்கள் எளிதில் கிடைக்காது என்பதால், அந்தப் பகுதியை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிச் சோதியுங்கள்.

2010-இல் வந்த பழைய தாரும் இந்தப் பணத்துக்குள் கண்ணில் படும். இழுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் ஏர்பேக் இல்லை. பின்னால் எதிரெதிர் பெஞ்ச். அந்தப் பெஞ்சில் பிள்ளைகளை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் மூவாயிரம் கிலோமீட்டர் போகாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

கே: ஜிம்னியா, தாரா? வீட்டில் தினமும் சண்டை!
*– வாசகி, கோவை*

ப: இரண்டு பேர் என்றால் ஜிம்னி. ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் வந்தது. எடை சுமார் 1,200 கிலோ. எடை குறைந்த வண்டி மணலிலும் சேற்றிலும் எளிதில் புதையாது. புதைந்தாலும் நாலு பேர் தள்ளினால் வெளியே வரும். ஆறு ஏர்பேக் எல்லா வேரியண்ட்டிலும் உண்டு. குறை என்றால் நாலு சீட், சின்ன டிக்கி, 40 லிட்டர் டேங்க்.

நெடுஞ்சாலையில் லாரிகளை முந்தும் தெம்பும் மலையில் இழுவையும் வேண்டுமென்றால் 2020 அக்டோபருக்குப் பிறகு வந்த தார். பெட்ரோல், டீசல் இரண்டிலும் டர்போ. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஆனால் அதுவும் நாலு சீட்தான். பின்சீட்டுக்கு ஏறி இறங்க முன்சீட்டை மடக்க வேண்டும். வீட்டில் மூட்டுவலிக்காரர் உண்டா? சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

கே: ஜிப்ஸிமேல் சின்ன வயதிலிருந்தே காதல். இப்போது வாங்கலாமா?
*– வாசகர், வெலிங்டன்*

ப: ராணுவம் பல்லாண்டு நம்பிய வண்டி, உங்கள் காதலில் தப்பில்லை. 1985-இல் வந்தது, 2019-இல் பொதுமக்களுக்கான உற்பத்தி நின்றது. எளிய இன்ஜின், திடமான சேஸிஸ். மலைப்பகுதிப் பட்டறைகளுக்கு அதன் ஒவ்வொரு நட்டும் பழக்கம். நீலகிரிக்குள் ஓட்ட வாங்குங்கள். லே வரை என்றால் யோசியுங்கள். நாலு சக்கரத்துக்கும் லீஃப் ஸ்பிரிங், ஏர்பேக் கிடையாது. வழியில் மே மாத நாக்பூர் வெயிலில் ஏசி இல்லாத வண்டியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால், பனிமலைக்குப் போகும் முன்பே உடம்பு களைத்துவிடும். மலையேறும் நாளுக்கு டிரைவருக்குத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

கே: உயரத்தில் பெட்ரோல் வண்டி திணறுமாமே? டீசல்தான் நல்லதா?
*– வாசகர், திண்டுக்கல்*

ப: பெட்ரோலா டீசலா என்பதைவிட, டர்போ உண்டா இல்லையா என்பதே கேள்வி. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். மணாலி–லே வழியில் தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே ஏறத்தாழ பாதிச் சக்தியோடுதான் மூச்சுவிடும். ஜிம்னிக்கும் டர்போ இல்லை. அதனால் ஏற முடியாது என்று அர்த்தமில்லை. ஒரு கியர் குறைத்து, பொறுமையாக ஏற வேண்டும். டர்போ வண்டி இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

குளிர்காலத்தில் டீசலுக்கு வேறு தொல்லை: உறைந்து கெட்டிப்படும். இதற்காகவே இந்தியன் ஆயில் 2019-இல் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலைக் கொண்டுவந்தது. கோடைப் பயணத்தில் இந்தக் கவலை வேண்டாம்.

கே: பெட்ரோல் கேன் எடுத்துப் போக வேண்டுமா?
*– வாசகர், தஞ்சாவூர்*

ப: மணாலி–லே வழியில் தாண்டி என்ற ஊர் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதிய பலகை பயணிகளிடையே பிரபலம். அங்கே டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள். நல்ல நிலையில் உள்ள வண்டி லே போய்ச் சேர்ந்துவிடும். பக்கவழிகளில் சுற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் சான்று பெற்ற இரும்புக் கேன், அதுவும் வண்டிக்கு வெளியே. தண்ணீர் கேனில் பெட்ரோல் ஊற்றிப் பிள்ளைகளின் காலடியில் வைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

கே: பாதுகாப்புக்காக எப்போதும் 4எச்சில் ஓட்டலாமா?
*– வாசகர், கரூர்*

ப: கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும். தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் 4எச் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது. முறுக்கம் முழுவதும் கியர் பாக்ஸிலும் ஆக்சிலிலும் இறங்கும். ரோடு வழுக்கினால் போடுங்கள், காய்ந்ததும் எடுங்கள்.

கே: ஃபோர் பை ஃபோர் என்றால் பிரேக்கும் நன்றாகப் பிடிக்குமா?
*– மாணவர், நெல்லை*

ப: இல்லை, தம்பி. எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் உண்டு. பனியில் ஃபோர் பை ஃபோர் கிளம்ப உதவும்; நிறுத்த உதவாது. நிறுத்துவது டயரும் உங்கள் வேகமும்தான். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல், ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கே: டெல்லியில் டீசல் வண்டிகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கிக்கொண்டு அப்படியே லே போய்விட்டு வரலாமா?
*– வாசகர், ஓசூர்*

ப: அங்கே பத்து வயது கடந்த டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததால்தான் அந்த விலை. வாங்கலாம், கணக்குப் போட்டு. அந்த ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, வண்டியின் மேல் கடன் இருந்தால் எச்.பி. கேன்சல், படிவம் 28, 29, 30, இங்கே கொண்டுவந்து மறுபதிவு, அதற்குத் தமிழ்நாட்டுச் சாலை வரி. எல்லாம் கூட்டினால் லாபம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். எப்படியானாலும், புதிதாக வாங்கிய பழைய வண்டியில் நேராக மலையேறாதீர்கள். முதலில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மாதம் ஓட்டுங்கள். அதன் நோயெல்லாம் ஏற்காட்டிலேயே தெரியட்டும், லே வழியிலுள்ள சர்ச்சுவில் வேண்டாம்.

கே: பழைய ஃபோர் பை ஃபோரில் எதைச் சோதிக்க வேண்டும்?
*– வாசகர், விழுப்புரம்*

ப: மேல்பக்கத்தைப் பார்க்கப் பத்து நிமிடம், அடிப்பக்கத்தைப் பார்க்க ஒரு மணி நேரம். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லுங்கள். சேஸிஸில் துரு, வெல்டிங் வைத்த தடம் உண்டா? கடலோர ஊர் வண்டியென்றால் இரட்டைக் கவனம். கிரவுன் ஹவுசிங்கில் எண்ணெய் கசிகிறதா? கிரவுன் ஆயிலைத் திறந்து பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அடுத்து மண்தரைக்குப் போய் 4எச், 4எல் இரண்டையும் போட்டு ஓட்டுங்கள். பல வண்டிகளில் அந்த லீவரை ஆண்டுக்கணக்கில் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஐந்து டயரும் ஒரே அளவா, ஒரே தேய்மானமா என்று பாருங்கள், ஸ்டெப்னியும் சேர்த்துத்தான். விற்பவர் லிஃப்ட்டில் ஏற்ற மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கே: பெரிய டயர், முன்னால் இரும்பு பம்பர், லிஃப்ட் கிட்... எதை முதலில் போடலாம்?
*– வாசகர், நாகர்கோவில்*

ப: எதையும் வேண்டாம். இரும்பு பம்பர்களை மத்திய அரசு 2017-லேயே தடை செய்துவிட்டது. மோதினால் ஏர்பேக் விரியும் நேரத்தையே அது கெடுக்கும். நடந்து போகிறவருக்கும் ஆபத்து. பெரிய டயர் மைலேஜையும் இழுவையையும் குறைக்கும். கம்பெனி சொன்ன அதே அளவில் நல்ல ஆல் டெரெய்ன் டயர், காற்றடிக்கும் சின்ன கம்ப்ரெஸர், பஞ்சர் கிட், இழுக்க ஒரு பட்டை, ஒரு மண்வெட்டி போதும். மணலில் சிக்கினால் டயர் காற்றை 18–20 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். வெளியே வந்ததும் திரும்ப அடியுங்கள்.

கே: நாலு சக்கர இழுவை இருக்கிறதே, பாங்காங் ஏரிக்குள் இறக்கி வீடியோ எடுக்கலாமா?
*– வாசகர், சென்னை*

ப: கூடாது. 2022-இல் அப்படி ஓட்டிய சுற்றுலாப் பயணிகளின் வீடியோ பெரும் கண்டனத்துக்கு ஆளானது. ஏரி பறவைகளுக்கும் அங்கே வாழும் மக்களுக்கும் சொந்தம். நம் ஊர் கடற்கரை மணலிலும் இறக்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அந்த மணலுக்கடியில் ஆமை முட்டைகள் இருக்கும். எங்கேயும் ஏறக்கூடிய வண்டியை வைத்திருப்பவருக்குத்தான் எங்கே ஏறக் கூடாது என்ற பொறுப்பு அதிகம்.

கே: கணவர் வண்டி வாங்கப் போகிறார். நான் கேட்க வேண்டிய ஒரே கேள்வி?
*– வாசகி, காரைக்குடி*

ப: "வாங்கிய பிறகு கையில் எவ்வளவு மிச்சம்?"

கே: கடைசியாக ஒரே வரியில் உங்கள் தீர்ப்பு?
*– வாசகர், புதுச்சேரி*

ப: இரண்டு பேருக்கு ஜிம்னி, குடும்பத்துக்கு டஸ்டர், பணம் கூடுதலாக இருந்தால் 2020-க்குப் பிந்தைய தார். எதை வாங்கினாலும் ஓடையைக் காலையில் கடந்துவிடுங்கள். மதிய வெயிலில் பனி உருகித் தண்ணீர் ஏறும். உயரத்துக்கு உடம்பு பழக வழியில் இரண்டு இரவு தங்குங்கள். இருட்டிய பிறகு மலையில் ஓட்டாதீர்கள். வழி சரியில்லை என்று உள்ளூர்க்காரர் சொன்னால் வண்டியைத் திருப்புங்கள். கணவாய் அடுத்த வருடமும் அங்கேயேதான் இருக்கும்.