பூஷ்ணே நமஹ மாமா

சூரிய நமஸ்காரம் சொல்லிக்கொடுக்கும் மாமாவிடம் ஐந்தாவது வரைக்கும் ஒரு குறையும் கிடையாது. மித்ராய நமஹ, கைகூப்பியாயிற்று. ரவயே நமஹ, பின்னால் வளைந்தாயிற்று. குனிந்து, ஒரு காலைப் பின்னுக்கு நீட்டி, இடுப்பைத் தூக்கி மலையாகவும் ஆயிற்று. ஆறாவது, பூஷ்ணே நமஹ. பாதம், முழங்கால், கை என்று ஜோடி ஜோடியாக ஆறு, மார்பும் மோவாயும் சேர்த்து எட்டு அங்கம் தரையில். ஒன்பதாவது ஒன்று மட்டும் வானத்தைப் பார்த்தபடி. ஸ்ரீரங்கத்து அபார்ட்மெண்ட் மொட்டைமாடியில், 236 அடி ராஜகோபுரம் பார்த்துக்கொண்டிருக்க, பத்துப் பதினைந்து பேர் இந்த லட்சணத்தில் கிடக்கும்போதுதான் மாமாவுக்கு ஞாபகம் வரும்.

"அப்படியே இருங்கோ. இதுலே ஒரு விசேஷம் இருக்கு."

விசேஷம் இதுதான். யோக சூத்திரம் பண்ணின பதஞ்சலி யார்? ஆதிசேஷன் அவதாரம். ஆதிசேஷன் எங்கே இருக்கிறான்? இதோ, கூப்பிடு தூரத்தில், பெரிய பெருமாளுக்குப் படுக்கையாக. ஆகவே யோகா நம்ம ஊர்ச் சொத்து. நாதமுனிகள் மகா யோகி. அவர் வம்சம் என்று சொல்லிக்கொண்ட கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையில் ஆசனம் சொல்லிக்கொடுத்தார், நூறு வயசு இருந்தார். அவர் சிஷ்யர் பி.கே.எஸ். ஐயங்கார் பிறந்தது கோலார் பக்கத்துப் பெள்ளூரில். மாமா கணக்கில் அவரும் ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதி.

சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாக ஊர் ஊராகப் பரப்பியதில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்து ஔந்த் சமஸ்தான ராஜாவுடையது, 1920-களில். மோவாயைத் தரையிலிருந்து எடுக்காமலே இதை ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "ராஜா இங்கே பெருமாள் சேவிக்க வந்திருப்பார். அப்போ கத்துண்டு போயிருப்பார்" என்றார்.

இத்தனையும் சொல்லும்போது மாமா எந்த ஆசனத்தில் இருக்கிறார்? நின்றுகொண்டிருக்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்து, பெல் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்த அதே நடை. யாராவது நைசாக ஏழுக்கு நழுவித் தலையைத் தூக்கினால் தீர்ந்தது. "யாரைக் கேட்டுண்டு பாம்பானேள்?" மறுபடி எல்லாருக்கும் மோவாய் தரையில். விசேஷமும் ஆதிசேஷனிலிருந்து மறுபடி.

விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் உதயசூரியன் படம் அனுப்புவதும், காபி விஷம் என்று சொல்லிக்கொண்டே நம் வீட்டு டிகிரி காபிக்கு டபராவை நீட்டுவதும் சில்லறை விஷயங்கள். விட்டுவிடலாம்.

காசு வாங்குவதில்லை. அதுதான் சங்கடமே. வாங்கினால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது மட்டுமா, இரண்டு நாள் ஒருவர் வராவிட்டால் வாசலில் வந்து நின்று விசாரிப்பார். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கூடவே வருவார். போகும்படி ஆனது யாரால் என்பது வேறு விஷயம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மூட்டுத் தேய்மானத்தோடு மாடி ஏறி வருகிற ஒரு மாமி, வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றுதான் அர்த்தம். "பொறுத்துக்கறதுதான் யோகம்" என்று அவரிடம் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆசனம் ஸ்திரமாக இருக்கவேண்டும், சுகமாக இருக்கவேண்டும், பதஞ்சலி கேட்டது இவ்வளவுதான். ஆதிசேஷன் வரைக்கும் போகிற மாமா இந்தச் சூத்திரத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார். மாமி வருவதை நிறுத்திவிட்டார். கேட்டால், "சித்திரை வீதியைச் சுத்தி வரேன். அங்கே நடுவிலே யாரும் நிறுத்தறதில்லே" என்கிறார்.

இப்போது ரத சப்தமிக்கு நூற்றெட்டு நமஸ்காரம் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. நூற்றெட்டு பூஷ்ணே நமஹ. மாமா, ஒரே ஒரு விண்ணப்பம். பதஞ்சலி கதையைத் தாராளமாகச் சொல்லுங்கோ, உட்கார்ந்துகூடக் கேட்கிறோம். பன்னிரண்டாவதில், எல்லாரும் எழுந்து நின்ற பிறகு ஆரம்பியுங்கோ.