பேட்ச் மாமா

ஒவ்வொரு காலனியிலும் ஒரு பேட்ச் மாமா உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 2004 மாடல் மாருதி 800-க்கு மட்டும் ஓய்வு கொடுக்காதவர். அவர் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே மாமி உள்ளே டிகாக்‌ஷனைச் சூடு பண்ண ஆரம்பித்துவிடுவார். காலிங் பெல்லுக்கு அந்த வீட்டில் வேலை கிடையாது. "சைலன்சர் ஓட்டை போலிருக்கே மாமா" என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஓட்டையெல்லாம் இல்லப்பா, லேசா மூச்சு விடறது" என்பார்.

காசில்லாத மனிதரா என்றால், இல்லை. பேத்தியின் பாட்டு கிளாசுக்கும் கோயில் திருப்பணிக்கும் கணக்குப் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பார். "மாத்திடலாம் சார்" என்று மெக்கானிக் சொன்னால்தான் முகம் சுருங்கிவிடும். பொருளை மாற்றுகிறவன் கையாலாகாதவன் என்பது அவர் கட்சி.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கண்டுபிடிப்பதில் மாமா மன்னன். ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் சூடாகாத நேரத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, சைலன்சர் வாயை ஈரத்துணியால் கொஞ்சம் பொத்திப் பிடிக்கச் சொல்வார். உள்ளே அழுத்தம் ஏற ஏற, ஓட்டை இருக்கிற இடத்தில் 'புஸ்' என்று கேட்கும். அப்படியும் சந்தேகம் என்றால் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, நுரை எங்கே கொப்பளிக்கிறது என்று பார்ப்பார். மானிஃபோல்டு கேஸ்கெட்டா, பைப் ஜாயின்ட்டா, மஃப்ளர் டப்பாவின் ஓரமா என்று அட்சர சுத்தமாகச் சொல்லிவிடுவார். நோயைச் சொல்வதில் தவறியதே கிடையாது. வைத்தியத்தில்தான் தேறியதே கிடையாது.

வலப்பக்கச் சக்கரங்களைப் பிளாட்பாரத்தில் ஏற்றி, பின்சக்கரத்துக்குச் செங்கல் அண்டை கொடுத்து, பழைய பேப்பரை விரித்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் நுழைவார். கம்பி பிரஷ்ஷால் சுரண்டச் சுரண்டத் துரு செதில் செதிலாக மூக்குக் கண்ணாடிமேல் விழும். ஓட்டையும் சுண்டுவிரல் அளவிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு வளரும். பிறகு எம்சீல் இரண்டையும் சேர்த்து முறுக்கு மாவு மாதிரி பிசைந்து அப்பி, பால்பவுடர் டப்பாவை வெட்டிய தகரத்தை மேலே சுற்றி, ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து தெருவைப் பெருமையாக ஒரு பார்வை பார்ப்பார்.

எம்சீலைக் குறை சொல்லி என்ன பயன்? அது தண்ணீர்க் குழாய்க்குப் பிறந்தது. எஞ்சினை ஒட்டிய எக்ஸாஸ்ட் பைப்பிலோ சூடு பல நூறு டிகிரி. திங்கட்கிழமை மார்க்கெட் போகிற வழியில் முதலில் தீய்ந்த வாடை வரும். அடுத்த ஸ்பீடு பிரேக்கரில் 'கணீர்' என்று தகரம் விழும். மாமா வண்டியை ஓரங்கட்டி, சூடு ஆறும்வரை காத்திருந்து, அதைப் பொறுக்கி டிக்கியில் போட்டுக்கொள்வார். அடுத்த ஞாயிறு உதவும்.

உண்மையான எதிரி பைப்புக்கு உள்ளே இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சைலன்சர் வழியே வெளியேற வேண்டும். மாமாவின் வண்டி போவதெல்லாம் வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து காய்கறிக் கடை. சைலன்சர் முழுசாகச் சூடாவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறார். ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கி, புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து தகட்டைத் தின்கிறது. வெளியே மாமா கைப்பட அடித்த சில்வர் பெயின்ட் ஜொலிக்கிறது.

"வெல்டிங் வைக்கத் தகடு வேணும் சார், இங்க பேட்ச் மேல பேட்ச்தான் இருக்கு" என்று மெக்கானிக் கும்பிடு போட்டாயிற்று. கேட்காமல் வேறு ஒரு பட்டறைக்குப் போனார். ஆர்க் வெல்டிங் ராடு தொட்ட இடமெல்லாம் பொத்துக்கொண்டு, ஒரு ஓட்டையோடு போன வண்டி மூன்று ஓட்டையோடு திரும்பியது. அப்புறம் புதுப்பேட்டை. பழைய சைலன்சர் கிடைத்தது, பேரமும் படிந்தது, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தும் விட்டார். வேறு மாடல். ஹேங்கர் ரப்பர் மாட்டுகிற கொக்கி ஒரு சாண் தள்ளி நின்றது. இப்போது அது மொட்டைமாடியில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மைலேஜ் குறைகிறது என்று வேறு புலம்பல். "இப்பல்லாம் பெட்ரோலே சரியில்லப்பா!" கேஸ்கெட் பக்கம் கசிந்தால், புகை வெளியே வருகிற வழியிலேயே வெளிக்காற்றும் உள்ளே புகும். அதைப் பார்த்த ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று சொல்ல, வண்டியின் கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் ஊற்றும். சைலன்சரில் மிச்சம் பிடித்தது பங்க்கில் போகிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற புகைப் பரிசோதனையில் மாமா பாஸ். ஓட்டை வழியே காற்று கலந்தால் மீட்டர் குறைத்துத்தானே காட்டும்? சான்றிதழை நீட்டி, "மெஷினே சொல்லிடுத்து, நீ என்ன சொல்றே?" என்பார்.

பின்னால் மஃப்ளரில் ஓட்டை என்றால் காதுக்குத்தான் பெரிய கேடு. முன்பக்கம், எஞ்சினுக்கும் கால் வைக்கிற இடத்துக்கும் நடுவே கசிந்தால் அது வேறு விஷயம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வர வழி தெரியும். கொஞ்ச நாளாகக் காரில் கோயிலுக்குப் போய் வந்தாலே மாமிக்குத் தலைவலி. வெயில் என்கிறார் மாமா.

உங்கள் தெரு மாமா லிஃப்ட் கொடுத்தால், பஸ்ஸில் வருவதாக வேண்டுதல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள். அதோடு விடாமல், புது கேஸ்கெட் ஒன்று வாங்கி அவருடைய மெக்கானிக்கிடம் கொடுத்து வையுங்கள். மாமா கையில் கொடுத்தால் அதையும் வெட்டி எங்காவது பேட்ச் போட்டுவிடுவார்.