முதுமகனும் மூன்றாவது வைஸ் சிட்டியும்: கேம் வாங்குவோரின் பருவ மாற்றம் பற்றி ஓர் ஆய்வு

ஆணின் ஆயுளைப் பன்னிரு பாட்டியல் என்ற பழைய இலக்கண நூல் ஏழாகக் கூறு போடுகிறது. ஏழு வயதுவரை பாலன், பத்துவரை மீளி, பதினான்குவரை மறவோன், பதினைந்தில் திறலோன், பதினாறில் காளை, முப்பதுவரை விடலை. அதற்குமேல் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் முதுமகன்தான். வேறு பெயர் கிடையாது. முப்பத்தொன்றாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறவனை முதுமகன் என்பது கொஞ்சம் அதிகம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். வீடியோ கேம் வாங்குவோரின் நடத்தையை ஆராயப் புகுந்த பிறகு அந்த எண்ணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பாட்டியலார் சலுகைதான் காட்டியிருக்கிறார்.

முதலில் ஆய்வு முறை. மாதிரிக்கு மூன்று பேர். ஒருவன் நானே. இரண்டாமவன் பள்ளித் தோழன். கடல் கடந்து வேலைக்குப் போய்விட்டதால் அவனைப் பற்றி இங்கே என்ன எழுதினாலும் மறுக்க ஆளில்லை. மூன்றாமவர் என் அக்கா. அவரைச் சேர்த்தது ஆய்வின் உடல்நலத்துக்கு நல்லதல்ல என்பது போகப் போகத் தெரியும். மாதிரி சிறியதாக இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இதற்காக நான் எந்த நிறுவனத்திடமும் நிதி கேட்கவில்லை. செலவானது அத்தனையும் சொந்தப் பணம், அதுவும் கேம் வாங்கியே செலவானது.

பாலனுக்கு வாங்கும் சக்தி இல்லை. அண்ணன்மார் ஆடும்போது இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்து உட்கார வைப்பார்கள். அதன் ஒயர் பெட்டியில் செருகப்பட்டிருக்காது. தானும் ஆடுவதாக அவன் மனதார நம்புவான். பாலனைப் பற்றி இவ்வளவு போதும்.

மீளிதான் இத்துறையின் பொற்காலம். நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் ஃபாமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது 1983இல். 90களில் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை அதன் ஊரறியாப் பிள்ளைகள். கடையில் கேட்டால் 'டிவி கேம்'. அதில் சொருகுவது 'கேசட்'. மஞ்சள் கேசட்டின் நெற்றியில் '9999 இன் 1' என்று ஒட்டியிருக்கும். ஒரு மே மாத விடுமுறையில் நானும் தோழனும் அந்தப் பட்டியலை ஒன்றாம் எண்ணிலிருந்து சரிபார்க்கத் தொடங்கினோம். கான்ட்ரா வந்தது, மரியோ வந்தது, டேங்க் வந்தது. பிறகு மறுபடி கான்ட்ரா, இம்முறை இரண்டாம் கட்டத்திலிருந்து. பிறகு மரியோ, வேறு பெயரில். முந்நூறைத் தாண்டியதும் கை ஓய்ந்து, உண்மையில் எத்தனை என்று கழித்துப் பார்த்தோம். ஏழு.

ஏழே கேம் உள்ளவனுக்கு விருப்பு வெறுப்பு என்று ஒன்று உண்டாவதில்லை. சர்க்கஸ் சிங்கம் தீவளையத்தைத் தாண்டுவதில் உனக்கு ஈடுபாடு உண்டா என்று அவனை யாரும் கேட்பதில்லை, தாண்டுகிறான். சூப்பர் மரியோ பிரதர்ஸின் மொத்த எடை 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் வரும் 'காலை வணக்கம்' ரோஜாப்பூ பல நேரம் அதைவிடப் பெரிது. அந்த நாற்பதுக்குள் ஒரு முழுக் கோடை அடங்கியது. கொள்முதல் என்பதும் பணத்தால் நடந்ததல்ல. ஒரு வாரத்துக்குக் கேசட், ஈடாகக் கிரிக்கெட் மட்டை. மட்டை திரும்பி வந்தது, கேசட் வரவில்லை என்ற வழக்கு எனக்கும் தோழனுக்கும் இடையே இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கேசட் ஓடாவிட்டால் அடிப்பக்கத்தை வாயருகே வைத்து ஊதுவோம். மவுத் ஆர்கன் வாசிப்பதுபோல் இடமிருந்து வலம் ஒரு முறை, வலமிருந்து இடம் ஒரு முறை. ஊதினால் எச்சில் ஈரம் பட்டு உலோக முனைகள் கெடும், ஊதாதீர்கள் என்பது நின்டெண்டோவே சொன்ன அறிவுரை. கேசட் ஓடியது நாங்கள் ஊதியதால் அல்ல. எடுத்துத் திருப்பிச் சொருகியதால். உலகத்துச் சிறுவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் செய்த தவறு அது.

இந்த இடத்தில் கஸுஹிசா ஹஷிமோட்டோ என்ற பெருந்தகையைக் குறிப்பிடாமல் தாண்ட முடியாது. கோனாமி நிறுவனத்தில் 1986இல் கிராடியஸ் என்ற கேமை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தவர். கேம் அவருக்கே கடினமாக இருந்தது. சோதித்துப் பார்க்க வசதியாக ஒரு குறுக்குவழி வைத்தார்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. இதுவே பின்னர் கான்ட்ராவில் முப்பது உயிர் தரும் மந்திரமாயிற்று. வாய்ப்பாடு வராத பிள்ளைக்கும் இது வந்தது. செய்தவனுக்கே ஆட முடியவில்லை என்ற செய்தி அன்று தெரிந்திருந்தால் நாங்கள் இவ்வளவு வெட்கப்பட்டுக்கொண்டு அந்த மந்திரத்தைப் போட்டிருக்க மாட்டோம்.

மறவோனைப் பற்றிச் சொல்லச் சிறப்பாக ஒன்றுமில்லை. பதினைந்து என்ற ஒற்றை வயதுக்குப் பாட்டியலார் ஏன் திறலோன் என்று தனிப்பெயர் வைத்தார் என்பதற்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. டிவி கேம் பெட்டி அந்த ஆண்டு பரணேறியது. இறங்கவில்லை.

காளைப் பருவத்தில் பணம் உள்ளே வருகிறது. பஸ்ஸுக்குக் கொடுத்த காசை நடந்து மிச்சம் பிடித்துப் பிரவுசிங் சென்டரிலோ, பிளேஸ்டேஷன் 2 வைத்திருக்கும் கடையிலோ மணிக்கணக்கில் கொடுப்பான். 2003இல் வெளிவந்த மல்யுத்த கேம் ஒன்றுக்காகக் கடை வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். அதே ஆண்டு வைஸ் சிட்டி என்ற கேம் கணினிக்கு வந்தது. எங்கள் ஊரில் ஒரு கடையில் (கடையின் பெயர் ஆய்வுக்குத் தேவையில்லை) ஐம்பது ரூபாய் சிடியாகக் கிடைத்தது. ஒரே சிடிக்குள் திணிப்பதற்காக யாரோ ஒரு புண்ணியவான் அதிலிருந்த பாட்டுகளையெல்லாம் பிடுங்கி எறிந்திருந்தார். காருக்குக் காராகத் திருடி ஓட்டினேன். ஒன்றிலும் ரேடியோ பாடவில்லை. அந்த ஊர்க்காரர்கள் பாட்டுக் கேட்பதில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். வைஸ் சிட்டியின் பெருமையே அதன் எண்பதுகளின் ரேடியோதான் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வந்தது. இந்தக் குறை ஆய்வின் பிற்பகுதியை முழுவதும் ஆளப்போகிறது. வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விடலைப் பருவம் இரண்டாகப் பிளவுபடுகிறது: சம்பளத்துக்கு முன், சம்பளத்துக்குப் பின். முன் பகுதியில் அவன் இரவில் வாழ்கிறான். பிஎஸ்என்எல் பிராட்பேண்டின் மாத 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணிவரை அன்று எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. பரீட்சைக்கு அலாரம் வைக்காதவன் டவுன்லோடுக்கு 1.55க்கு அலாரம் வைத்தான். பையன் விடிகாலையில் எழுந்து படிக்கிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை. மோடத்தின் விளக்கு சிமிட்டுவதை அவர் பார்த்திருக்கிறார்.

பின் பகுதியில் சம்பளம் வருகிறது, கூடவே ஸ்டீம் என்ற இணையக் கடையும் வருகிறது. 2015 நவம்பரில் அது இந்திய ரூபாயில் விலை போடத் தொடங்கியது. அதன் கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசியில், ஆடிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால். ஆடித் தள்ளுபடியின் உளவியலை அறிந்தவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. 2,000 ரூபாய்க் கேமை 500க்கு வாங்கியவன் 500 செலவழித்ததாகச் சொல்வதில்லை. 1,500 மிச்சம் பிடித்ததாகத்தான் சொல்கிறான். அவ்வாறு நான் ஒரே வாரத்தில் மிச்சம் பிடித்த தொகையைக் கூட்டிப் பார்த்தேன். என் மாதச் சம்பளத்தைவிட அதிகமாக வந்தது.

பாட்டியலாரின் சலுகைக்கு வருகிறேன். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளைச் சோதித்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கண் பார்த்ததற்குக் கை பதில் சொல்லும் வேகம் 24 வயதிலிருந்தே மந்தப்படத் தொடங்குகிறதாம். பாட்டியலார் முப்பதுவரை பொறுத்தார். கனடாக்காரர்கள் ஆறு ஆண்டைக் குறைத்துவிட்டார்கள். மூத்தவர்கள் எளிய வழிகளைக் கையாண்டு வேகக்குறைவை ஈடுகட்டுகிறார்கள் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. அந்த எளிய வழி எது என்று என்னைக் கேட்டால் சொல்வேன்: அமைப்புப் பக்கத்துக்குப் போய் 'ஈஸி' என்பதை அமுக்குவது.

ஆக, முதுமகன். காளை கதைக் காட்சிகளைத் தாண்டிவிட்டுச் சண்டைக்கு ஓடினான். இவன் சண்டையைத் தாண்டிவிட்டுக் கதைக்கு ஓடுகிறான். முன்பு கேமின் படங்களைப் பார்த்து வாங்கினான். இப்போது முதலில் பார்ப்பது, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது இதை நிறுத்தி வைக்க முடியுமா என்பது. நிறுத்த முடியாத கேம், அது எவ்வளவு பெரிய காவியமானாலும், குடும்பஸ்தனுக்கு ஆகாது. ஆகவே பயிர் வளர்க்கும் கேம்களுக்கு மாறுகிறான். மாடியில் அம்மா வைத்த கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் முனகுகிறவன், ஸ்டார்டியூ வேலியில் விடிந்ததும் பூசணிக்கு நீர் பாய்ச்சுகிறான்.

கேமின் எடையும் ஏறிவிட்டது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கணினியில் கேட்கும் இடம் 150 ஜிபி. பழைய மரியோவைப் போல் முப்பத்தேழு லட்சத்துக்குமேல் அதற்குள் அடுக்கலாம். இதை இறக்கி முடித்த இரவில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. என் கணக்கில் இன்றைக்கு 214 கேம்கள் உள்ளன, 61ஐத் திறந்திருக்கிறேன். ஏழு கேமை ஒன்பதாயிரமாக நினைத்து ஆடியவன், இருநூறை வைத்துக்கொண்டு ஏழுகூட ஆடுவதில்லை. வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக ஸ்டீமில் ஒரு விதி உண்டு. என் கேம்களில் பெரும்பாலானவை 2 மணி நேரத்தைத் தாண்டியதே இல்லை. 14 நாளைத் தாண்டாததும் ஒன்றில்லை.

பிறகு எதற்கு வாங்குகிறான்? இவ்வாய்வின் கண்டுபிடிப்பு இதுதான். பரிகாரக் கொள்முதல் என்று பெயர் சூட்டியிருக்கிறேன். 214இன் பட்டியலைக் காலவரிசையில் அடுக்கிப் பார்த்தபோது, நான் திறக்காதவற்றில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஐம்பது ரூபாய் சிடியில் ஆடி முடித்தவை. ஆடிய பாவத்துக்கு விலை கொடுத்துத் தீர்க்கிறேனே தவிர, மறுபடி ஆடுவதற்கில்லை. வைஸ் சிட்டியை மட்டும் விடலையாக இருந்தபோது ஒரு முறை, தோழனின் கிரெடிட் கார்டில் இரண்டரை டாலருக்கு வாங்கினேன். 2021இல் புதுமெருகுடன் வந்ததை முதுமகனாக இன்னொரு முறை வாங்கினேன். சிடியோடு சேர்த்து மூன்று. காரில் ஏறி ரேடியோவைப் போட்டேன். பாடியது. ஆனால் பாட்டுகளின் உரிமக் காலம் முடிந்துவிட்டதால் பிந்தைய பதிப்புகளில் மைக்கேல் ஜாக்சன் உட்படச் சிலரின் பாட்டுகள் இல்லை. ஐம்பது ரூபாய்க்கு வாங்கியபோது அவை சிடியில் இல்லை. நியாயமான விலைக்கு வாங்கும்போது அவை விற்பனையில் இல்லை.

கொள்கை இவ்வாறு உறுதிப்பட்ட நிலையில், ஒப்பீட்டுக்காக இக்காலத்து மீளி ஒருவனையும், அக்கா மகனையே, விசாரித்தேன். கைப்பேசி கேம் ஒன்றுக்கு முந்நூறு ரூபாய் கேட்டான்.

"கேம்தான் ஃப்ரீ ஆச்சேடா?"

"கேம் ஃப்ரீதான் மாமா. டிரெஸ்ஸுக்குத்தான் காசு."

பப்ஜி 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டு 2021 ஜூலையில் வேறு பெயரில் திரும்பி வந்தபோது இவனைப் போன்றவர்கள் முதலில் விசாரித்தது, பழைய சட்டை கூட வருமா என்பதைத்தானாம். சட்டையைக் கையால் தொட்டுப் பார்க்க முடியாது, அளவு கிடையாது, துவைக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த நிஜச் சட்டையை அவன் இன்னும் பிரிக்கவில்லை.

இனி அக்கா. வங்கியில் வேலை, தினமும் தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு மின்சார ரயில். 2012இல் வெளிவந்த கேண்டி கிரஷ்ஷைப் பத்தாண்டுக்கு மேலாக ஆடுகிறார். வேறு கேம் கிடையாது. விருப்பம் மாறவில்லை, பருவம் தாக்கவில்லை. ஒரு ரூபாய் செலவழித்ததில்லை. உயிர் தீர்ந்தால் காசு கொடுத்து வாங்கச் சொல்லுமே என்று கேட்டேன்.

"எதுக்குடா வாங்கணும்? அரை மணிக்கு ஒரு உயிர் சும்மாவே வருது. தாம்பரத்துல ஏறினா மாம்பலம் தாண்டறதுக்குள்ள வந்துடும்."

பெண்பாற் பருவங்களைப் பாட்டியலார் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாக வகுத்திருக்கிறார். அவற்றில் ஒன்றிலும் அக்கா அடங்கவில்லை. ஆகவே அவரை மாதிரியிலிருந்து நீக்கிவிட்டேன். மீதமுள்ள இருவரிடத்தில் கொள்கை முழுமையாகப் பொருந்துகிறது.

ஆய்வின் அடுத்த கட்டத்துக்கு ஓடும் நிலையில் உள்ள மஞ்சள் கேசட் ஒன்று தேவைப்படுகிறது. பரணில் வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவலாம். ஈடாகக் கிரிக்கெட் மட்டை தரப்படும். தயவுசெய்து ஊதாமல் அனுப்பவும்.