மலிவான பிரீமியம்

கேள்வி: என் மோட்டார் சைக்கிளுக்கு எந்தக் கம்பெனியில் இன்ஷூரன்ஸ் எடுப்பது லாபம்? (மணப்பாறை வாசகர்)

பதில்: மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தைச் சர்க்காரே நிர்ணயிப்பதால், 2022-இல் விதித்தபடி 75-க்கு மேல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு எந்த வாசலில் போய் நின்றாலும் 714 ரூபாயும் வரியுமே. தாங்கள் பேரம் பேசக்கூடிய க்ஷேத்திரம் சொந்தச் சேதப் பகுதி ஒன்றுதான். அங்கே பிரீமியம் சகாயமாயிருக்கிறதென்று சந்தோஷிக்குமுன், கிளெயிம் செய்யும்போது நம் கையிலிருந்து கழிவது கட்டாயமான 100 ரூபாய் மட்டுந்தானா, அல்லது சலுகைக்கு ஆசைப்பட்டுத் தாங்களே சம்மதித்த ஆயிரங்களும் சேருமா என்று விசாரியுங்கள். பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் பாதி என்ற சாஸ்திரத்தை, உடைந்த மட்கார்டை ஒரு கையிலும் பில்லை மறு கையிலும் ஏந்தியபடி, ஸர்வேயர் திருவாயால் உபதேசம் பெற்றவன் அடியேன். ஏஜெண்டை விட்டுவிட்டு, எந்தக் கம்பெனி பணத்தைத் தாமதமின்றித் தருகிறதென்று உங்கள் மெக்கானிக்கைக் கேளுங்கள்.