யாருக்கு, எப்போது தெரியும்?

(ஃபுகுஷிமா விபத்து பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பக்கம் முழுவதும்.)

கே: அணு அறிவியல் தெரியாத ஜனங்கள் வீணாகப் பயப்படுகிறார்கள் என்கிறார் என் நண்பர். சரிதானே? (கோவை வாசகர்)

ப: சரியில்லை. ஃபுகுஷிமாவைச் சுற்றி வாழ்ந்தவர்கள் கதிர்வீச்சுக் கணக்கு தெரியாததால் மட்டும் பயப்படவில்லை. கணக்கு தெரிந்தவர்கள் அதைத் தங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்று தெரியவந்த பிறகுதான் அந்தப் பயம் இறுகியது.

நமியே என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மார்ச் 12 அன்று ஊரைவிட்டுக் கிளம்பியவர்களில் ஆயிரக்கணக்கானோர் வடமேற்கே மலைப்பக்கம் உள்ள சுஷிமாவில் போய்த் தங்கினார்கள். கடற்கரையை விட்டு விலகிவிட்டோம், இனி பயமில்லை என்று பிள்ளைகளை வெளியே விளையாடவும் விட்டார்கள். கதிரியக்கத் தூசியைக் காற்று கொண்டுபோன திசையும் அதே வடமேற்குதான். தூசி எந்தப் பக்கம் போகும் என்று கணிக்க ‘ஸ்பீடி’ என்ற கணினி ஏற்பாடு ஜப்பான் அரசிடம் இருந்தது. அதன் கணிப்புகள் மார்ச் 14 அன்றே அமெரிக்கப் படைக்குப் போய்விட்டன. சொந்த மக்களுக்கு மார்ச் 23 அன்றுதான் வெளியிட்டார்கள். உங்கள் நண்பர் நமியேக்காரராக இருந்திருந்தால், அடுத்த அரசு அறிவிப்பை எப்படிப் படித்திருப்பார்?

கே: விபத்து எப்படி நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள். (சேலம் வாசகர்)

ப: 2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. 9 அளவு வலிமையுள்ள நிலநடுக்கம். ஓடிக்கொண்டிருந்த 1, 2, 3-ஆம் உலைகள் தாமாகவே நின்றன. ஆனால் உலை நின்றாலும் எரிபொருளின் சூடு உடனே அடங்காது. நாள்கணக்கில் தண்ணீர் ஓட்டிக் குளிரவைக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த மின்சாரம் நிலநடுக்கத்தில் போயிற்று. டீசல் ஜெனரேட்டர்கள் கைகொடுத்தன. சுமார் 50 நிமிடம் கழித்து வந்த சுனாமி அவற்றையும் மூழ்கடித்தது, ஏனென்றால் பெரும்பாலானவை அடித்தளத்தில் இருந்தன. மூன்று உலைகளிலும் எரிபொருள் உருகியது. சேர்ந்த ஹைட்ரஜன் வெடித்து 1, 3, 4-ஆம் கட்டடங்களின் மேற்பகுதி பிய்ந்தது.

கே: 15 மீட்டர் அலை வருமென்று யார் எதிர்பார்த்திருக்க முடியும்? இயற்கைச் சீற்றத்துக்கு மனிதனைக் குறை சொல்லலாமா? (திருச்சி வாசகர்)

ப: ஆலையை நடத்திய டெப்கோ நிறுவனமே எதிர்பார்த்தது. 2008-இல் அவர்கள் போட்ட உள்கணக்கில் அலை 15.7 மீட்டர்வரை எழலாம் என்று வந்தது. ஆலை நின்ற தரையின் உயரம் 10 மீட்டர். அந்தக் கரையை கி.பி. 869-இல் ஒரு பெரும் சுனாமி அழித்ததற்குப் பழைய ஏடுகளிலும் மண்ணடுக்குகளிலும் சான்று இருந்தது. கணக்கு நம்பும்படி இல்லை, இன்னும் ஆராயட்டும் என்று கோப்பை நிபுணர் குழுவுக்குத் தள்ளிவிட்டார்கள்.

அப்போது டெப்கோவில் அந்தக் கணக்குக்குப் பொறுப்பான துறையின் தலைவராக இருந்த மசாவோ யோஷிதாதான் விபத்தின்போது ஆலையின் மேலாளர். கடல்நீர் பாய்ச்சுவதை நிறுத்தச் சொல்லித் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தும், நிறுத்தாமல் தொடர்ந்து பாய்ச்சியவர் அவர். அவரைக் கயவர் என்றோ வீரர் என்றோ ஒரே பட்டத்தில் அடைக்க என்னால் முடியவில்லை. நல்ல மனிதர்கள் வேலை செய்யும் இடத்திலும் கசப்பான ஒரு கணக்கு இழுப்பறைக்குள் போய்விடும். எனக்கு அதுதான் பயம்.

மறுபக்கமும் இருக்கிறது. ஓனகவா அணுமின் நிலையம் நிலநடுக்க மையத்துக்கு ஃபுகுஷிமாவைவிட அருகில் இருந்தது. அதைக் கட்டியது வேறு நிறுவனம். பழைய சுனாமிகளை மறக்காத யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர் செலவானாலும் மேட்டில்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 14.8 மீட்டர் உயரத்தில் கட்டினார்கள். அங்கே அலை சுமார் 13 மீட்டர் எழுந்தது, உலைகள் தப்பின. வீடிழந்த ஊர்க்காரர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அந்த அணுமின் நிலைய வளாகத்திலேயே அடைக்கலம் புகுந்தார்கள். அணு என்றாலே ஓடுகிற ஜனமா அது?

ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு 2012 ஜூலையில் தந்த முடிவு: இது மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு.

கே: கண்காணிக்க ஓர் அமைப்பு இருந்திருக்குமே, அது என்ன செய்தது? (மதுரை வாசகர்)

ப: இருந்தது. ஆனால் அணுமின்சாரத்தை வளர்க்கும் பொறுப்புள்ள பொருளாதார, தொழில் அமைச்சகத்தின் கீழேயே இருந்தது. ஆட்டக்காரன் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த நடுவர் விசில் ஊதத் தயங்குவார்.

இதற்கு முந்தைய கதை இன்னும் மோசம். டெப்கோ பல ஆண்டுகளாக உலைப் பரிசோதனைப் பதிவுகளைத் திருத்தி எழுதியது 2002-இல் வெளிவந்தது. நிறுவனத் தலைவர் பதவி விலகினார், அதன் 17 உலைகளும் சோதனைக்காக நிறுத்தப்பட்டன. முறைகேட்டை 2000-இலேயே எழுதித் தெரிவித்தவர் ஒரு பொறியாளர். அவர் பெயரை அந்தக் கண்காணிப்பு அமைப்பே டெப்கோவிடம் கொடுத்துவிட்டது. 2012 செப்டம்பரில் பழைய அமைப்பைக் கலைத்துப் புதிய ஆணையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

நம் நாட்டைக் கேட்பீர்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் அரசாணையால் அமைந்தது. அன்று அது பதில் சொல்ல வேண்டியிருந்தது அணுசக்தி ஆணையத்துக்கு. அந்த ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளர். வாரியத்துக்குச் சட்டத்தின் பலமோ போதிய சுதந்திரமோ இல்லை என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2012 அறிக்கையில் எடுத்துக்காட்டினார். தனி ஆணையத்துக்காக 2011-இல் வந்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது.

கே: ஒரு ஜப்பானிய அரசியல்வாதி ஃபுகுஷிமா தண்ணீரைக் குடித்துக் காட்டினாராமே? (புதுச்சேரி வாசகர்)

ப: ஆமாம். யசுஹிரோ சொனோதா, 2011 அக்டோபர். பத்திரிகையாளர்கள் சவால் விட, உலைக் கட்டடங்களில் தேங்கியிருந்து சுத்திகரிக்கப்பட்ட நீரைத் தொலைக்காட்சி கேமராக்களின் முன் குடித்தார், கை நடுங்கியது. நான் குடிப்பதால் பாதுகாப்பு நிரூபணமாகிவிடாது, தரவுகளைத் தருவதே நல்ல வழி என்று அவரே சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. அதனால் கோப்பையைக் கீழே வைத்திருக்கலாம்.

கே: பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதிகக் கதிர்வீச்சை அனுமதித்தார்கள் என்று படித்தேன். உண்மையா? (தூத்துக்குடி வாசகி)

ப: உண்மை. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்பது சாதாரணக் கால வரம்பு. விபத்துக்குப் பிறகு 2011 ஏப்ரலில், ஃபுகுஷிமாப் பள்ளி மைதானங்களுக்கு 20 மில்லிசீவர்ட்டை அளவாக வைத்தது கல்வி அமைச்சகம். பிரதமருக்கு ஆலோசகராக இருந்த பேராசிரியர் தோஷிசோ கொசாகோ, குழந்தைகளுக்கு இதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று பேட்டியில் கண்கலங்கிப் பதவியை விட்டார். அவர் அணு எதிர்ப்பாளர் அல்லர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு நிபுணர். தாய்மார்களும் தகப்பன்மார்களும் டோக்கியோவுக்கே வந்து அமைச்சகத்தின் முன் நின்றார்கள். மே மாதக் கடைசியில், பள்ளியில் பெறும் அளவை 1 மில்லிசீவர்ட்டுக்குக் குறைப்பதை இலக்காக வைக்கிறோம் என்றது அரசு. அந்தப் பெற்றோர் கேட்டது எளிது: முந்தின மாதம் ஆபத்தாக இருந்தது இந்த மாதம் எப்படி ஆபத்தில்லாமல் போயிற்று?

கே: ஃபுகுஷிமா அரிசியை இன்று நீங்கள் சாப்பிடுவீர்களா? (கும்பகோணம் வாசகர்)

ப: தயங்காமல் சாப்பிடுவேன். அதற்குக் காரணம் அரசு தந்த உறுதிமொழி அல்ல.

2011 அக்டோபரில் மாகாண ஆளுநர் எங்கள் அரிசி பாதுகாப்பானது என்று அறிவித்தார். அடுத்த மாதமே ஓனாமி என்ற பகுதியின் அரிசியில் அன்றைய வரம்பான கிலோவுக்கு 500 பெக்கரலைத் தாண்டிய சீசியம் அகப்பட்டது. அங்கங்கே மாதிரி எடுத்துப் பார்த்ததில் அது தப்பியிருந்தது. வாங்குகிறவன் ஆளுநரின் பேச்சை எப்படி நம்புவான்? பழுதில்லாத அரிசி விளைவித்த உழவரும் சேர்ந்து அடிபட்டார்.

பிறகு அவர்கள் செய்ததைத்தான் உலகம் படிக்க வேண்டும். 2012-இல் வரம்பை 100 பெக்கரலாகக் குறைத்தார்கள். மாகாணத்தில் விளைந்த அரிசியை, 30 கிலோ பை ஒவ்வொன்றையும் விடாமல், கருவியின் ஊடே ஓட்டி அளந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடிப் பைகள்! வயலில் பொட்டாசியம் உரமிட்டார்கள். பயிர் சீசியத்தை உறிஞ்சுவது குறைந்தது. முதல் ஆண்டில் வரம்பைத் தாண்டியவை 71 பைகள். அடுத்த ஆண்டுகளில் குறைந்துகொண்டே வந்து, 2015 அறுவடையிலிருந்து ஒன்றுகூட இல்லை. அந்த 71-ஐ மறைக்காமல் சொன்னார்களே, அதனால்தான் பிறகு சொன்ன பூஜ்ஜியத்தை நம்புகிறேன்.

ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. இவாகி நகரில் தாய்மார்கள் சேர்ந்து ‘தராச்சினே’ என்ற சோதனைக்கூடத்தைத் தொடங்கினார்கள். வீட்டுச் சமையலறைக் காய்கறி, தோட்டத்து மண் எதை வேண்டுமானாலும் கொண்டுபோய் அளக்கலாம். ‘சேஃப்காஸ்ட்’ தன்னார்வலர்கள் கருவியைக் காரில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஓட்டி, அளவுகளை யாரும் பார்க்கும்படி வரைபடத்தில் ஏற்றினார்கள். அரசின் எண்ணும் தாயின் எண்ணும் ஒத்துப்போன இடங்களில் பதற்றம் தணிந்தது.

கே: கதிர்வீச்சால் எத்தனை பேர் இறந்தார்கள்? (சென்னை வாசகர்)

ப: விபத்து நேரக் கதிர்வீச்சுத் தாக்குதலில் உடனடியாக இறந்தவர் யாருமில்லை. ஆலையில் வேலை பார்த்து நுரையீரல் புற்றுநோயில் இறந்த ஒரு தொழிலாளியின் மரணத்தைக் கதிர்வீச்சோடு தொடர்புள்ளதாக ஏற்று 2018-இல் இழப்பீட்டுக்கு அரசு ஒப்புக்கொண்டது. குழந்தைகளின் தைராய்டைப் பரிசோதித்ததில் முந்நூறுக்கும் மேற்பட்ட புற்றுநோய், அல்லது அப்படிச் சந்தேகிக்கப்படும் நேர்வுகள் தெரிந்தன. ஐ.நா.வின் அறிவியல் குழு, நுட்பமான கருவியால் எல்லாரையும் சோதித்ததால் வந்த எண்ணிக்கை இது, கதிர்வீச்சால் அல்ல என்கிறது. அதை ஏற்காத மருத்துவர்களும் இருக்கிறார்கள். நான் ஐ.நா. குழுவின் பக்கம்.

ஆனால் வெளியேற்றத்தின் அலைச்சலிலும் அதன் பின்விளைவுகளிலும் ஃபுகுஷிமா மாகாணத்தில் 2,300 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே சுனாமி நேராகக் கொன்றவர்களைவிட இது அதிகம். ஃபுதாபா மருத்துவமனையின் படுக்கை நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றி மணிக்கணக்கில் அலைக்கழித்ததில் பலர் வழியிலும் முகாமிலும் உயிர்விட்டார்கள். இதை வைத்துக்கொண்டு, பயம்தான் கொன்றது, கதிர்வீச்சு அல்ல என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த முதியவர்கள் பயந்து ஓடவில்லை. விபத்தே நடக்காது என்று நம்பியிருந்தவர்கள் எங்கே கொண்டுபோவது என்று திட்டமிட்டு வைக்கவில்லை.

கே: சுத்திகரித்த நீரைக் கடலில் விட்டதற்கு இவ்வளவு கூச்சல் தேவையா? (ராமேசுவரம் வாசகர்)

ப: 2023 ஆகஸ்ட் 24 முதல் விடுகிறார்கள். மிஞ்சியிருக்கும் ட்ரிட்டியத்தை லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே நீர்க்கச்செய்து விடுவதால் பாதிப்பு மிகச் சொற்பம் என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் முடிவு. அறிவியலில் எனக்குப் பிணக்கில்லை.

பிணக்கு வேறு. மீனவர்களின் புரிதலைப் பெறாமல் எதுவும் செய்ய மாட்டோம் என்று 2015-இல் அரசும் டெப்கோவும் எழுத்தில் வாக்குக் கொடுத்தன. ட்ரிட்டியம் தவிர மற்றவை நீங்கிவிட்டன என்று சொல்லிவந்தார்கள். அந்த நீரைச் சேர்த்துவைத்த தொட்டிகளில் பெரும்பாலானவற்றில் வேறு கதிரியக்கப் பொருள்களும் வரம்புக்கு மேல் இருப்பது 2018-இல் வெளியே வந்தது. மறுபடி சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் மீனவர் சங்கங்கள் எதிர்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயைத் திறந்தார்கள். மீன் பிடித்துப் பிழைக்கும் உங்கள் ஊரில் இருந்துகொண்டு அந்தக் குரலைக் கூச்சல் என்று சொல்லலாமா?

கே: கூடங்குளத்தோடு இதை முடிச்சுப் போடுவது நியாயமா? உலை வேறு, இடம் வேறு அல்லவா? (நாகர்கோவில் வாசகர்)

ப: உலை வேறு என்பது உண்மை. கூடங்குளத்தின் ரஷ்ய உலைகளில் மின்சாரம் இல்லாமலே சூட்டைத் தணிக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் 2004 சுனாமியில் கல்பாக்கம் நிலையத்தின் பம்ப் அறைக்குள் கடல்நீர் புகுந்ததை இந்தக் கரையோர ஜனங்கள் அறிவார்கள். அங்கே உலை பத்திரமாக நின்றது. இருந்தாலும், ஃபுகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, கூடங்குளம் அருகே இடிந்தகரையில் கேள்வி கேட்டவர்கள் இல்லாததைக் கற்பனை செய்யவில்லை. அவர்களில் ஆயிரக்கணக்கானோர்மீது வழக்குப் போட்டது பதிலாகாது.

2019 அக்டோபரில் நடந்ததையும் சொல்கிறேன். கூடங்குளம் கணினிகளில் வைரஸ் என்று செய்தி பரவியது. 29-ஆம் தேதி நிலையத்தின் அறிக்கை அது பொய்ச் செய்தி என்றது. 30-ஆம் தேதி, நிர்வாக வேலைக்கான ஒரு கணினியில் புகுந்தது உண்மை, உலையைக் கட்டுப்படுத்தும் கணினிகளுக்குப் பாதிப்பில்லை என்றது இந்திய அணுமின் கழகம். இரண்டாவது அறிக்கையை முதல் நாளே தந்திருந்தால் யாருக்கும் பதற்றம் வந்திருக்காது.

கே: அணு உலையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் குடியிருக்கிறோம். போராட்டத்துக்கெல்லாம் போகிறவள் அல்ல. நான் செய்யக்கூடியது என்ன? (திருநெல்வேலி மாவட்ட வாசகி)

ப: கேளுங்கள் அம்மா, எழுத்தில் கேளுங்கள். ஃபுகுஷிமா ஆலையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் மிஹாரு என்ற சிற்றூர். மார்ச் 15 அன்று காற்று தங்கள் பக்கம் திரும்புவதையும் மழை வரவிருப்பதையும் பார்த்த ஊராட்சி அலுவலர்கள், மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரையை ஊர் மக்களுக்குக் கொடுத்தார்கள். உத்தரவில்லாமல் கொடுத்ததைத் திரும்ப வாங்குங்கள் என்றது மாகாண நிர்வாகம். அவர்கள் வாங்கவில்லை. மாத்திரை கையிருப்பில் இருந்தது, எப்போது கொடுத்தால் பலன் என்று அங்கே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் முடிந்தது.

நிலையத்துக்கு வெளியே அவசரநிலைக்குப் பொறுப்பு மாவட்ட ஆட்சியர். மனு நீதி நாளில் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் போடுங்கள். எங்கள் ஊருக்கான அயோடின் மாத்திரை எந்தக் கட்டடத்தில், எத்தனை, காலாவதித் தேதி என்ன? நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள் பட்டியல் யாரிடம்? எந்தப் பேருந்து, எந்த வழியாக, எந்த ஊர்ப் பள்ளிக்கு? எங்கள் தெருவில் கடைசியாக ஒத்திகை நடந்தது எப்போது? கதிர்வீச்சு அளவை நாங்கள் தினமும் எங்கே பார்க்கலாம்?

வருகிற பதிலை எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் அப்படியே போடுகிறேன்.