சீட்டு விழுந்த இடம்

ஆட்கள் கொஞ்சம் கூடியதும் நிறுவனத்துக்கு ஒரு மனிதவள மேலாளர் தேவைப்படுகிறார். அவருக்கு ஓர் ஆலோசகர், ஆலோசகருக்கு ஓர் எக்செல் தாள். யாருக்கு எந்த இடம் என்று தீர்க்கத்தான் இத்தனை பேரும். எளாவூரை அடுத்த கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் இதுவே நடைமுறை. பக்கத்துப் பழவேற்காடு ஏரியில் அதே வேலையைக் குலுக்கல் சீட்டு முடித்துவிடுகிறது. அங்குள்ள பாடு முறையில், இறால் விழும் இடங்களில் வலை கட்டும் உரிமை சீட்டுப்படி முறைவைத்துச் சுற்றிவரும். நல்ல இடம் பெற்றவர் அடுத்த முறை வேறு இடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். எவருடைய மச்சானுக்கும் நிரந்தர இருக்கை கிடையாது. அப்படியானால் திறமைக்கு மதிப்பில்லையா என்பார்கள். உண்டு: சீட்டு இடத்தைத்தான் தருகிறது, வலை கட்டுவது அவரவர் கைத்திறன். நல்ல இடத்தில் உட்கார்ந்தவருக்கே செயல்திறன் மதிப்பெண்ணும் போட்டுப் பழகிய அலுவலகங்களுக்கு இந்த வேறுபாடு பிடிபடச் சற்று நேரமாகும்.

அந்தச் சீட்டு மரபாகப் பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்து ஆண்களுக்கு மட்டும்தானே, பெண்களும் இருளர் பழங்குடியினரும் வெளியேதானே என்பது கனமான ஆட்சேபம். மறுக்க வழியில்லை. ஏரியில் அதற்கு வழக்கம் என்று பெயர். நிறுவனங்களில் அதைத் ‘தெரிந்தவர் பரிந்துரை’ என்பார்கள். கொண்டுவந்து சேர்ப்பவருக்கு ஊக்கத்தொகையும் உண்டு.