துண்டுக்குள்ள ஒரு கணக்கு

வா மாப்ள, உக்காரு. கணக்கு வாத்தியாருங்களுக்கே கணக்கு சொல்லிக்குடுக்கப் போறியாமே? கருத்தாளர்! கேக்கவே காது குளிருது. என்ன பாடம், எண்ணியல் முறைகளா? ஆகட்டும். பதினொரு மணிக்கு வடை உண்டுல்ல? அப்ப கூட்டம் வந்துரும். கடைசி பெஞ்சுல பாதிப் பேரு விடைத்தாள் திருத்துவாங்க. மீதிப் பேரு உன்னையத் திருத்துவாங்க.

எனக்குத் தெரிஞ்ச பள்ளிக்கூடம் மாட்டுச் சந்தை. போன மாசம் தரகன் 60,000-ன்னான், நான் 40,000-ன்னேன். துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு நடுவுல 50,000-ன்னு அழுத்துனேன். தலைய ஆட்டுனான். அப்ப வெலை அதுக்கு மேலதான கெடக்கு? மறுபடி நடுவுல 55,000. அஞ்சே அழுத்தல், எடைவெளி 625 ரூவாய்க்கு வந்துருச்சு. அதுக்கும் மேல இழுத்தா டீக்காசு அதைத் தாண்டிரும்னு எந்திரிச்சுட்டேன். இதுக்கு நீங்க இருசமக்கூறிடல்னு பேரு வச்சு நாப்பது நிமிசம் நடத்துவீங்க. எங்க நிறுத்தணும்னு மட்டும் சொல்ல மாட்டீங்க.

நம்ம வாத்தியாருக்கு விடைன்னா ஒண்ணு சரி, இல்லேன்னா தப்பு. அரை மார்க்கு போடவே அவருக்குக் கை நடுங்கும். அவரைப் பாத்து, "விடை தப்பாத்தான் சார் வரும், எவ்வளவு தப்புன்னு சொல்லுங்க"ன்னு கேட்டுப் பாரு. மூஞ்சியப் பாக்கணுமே!

அதனால மொத நாளே நியூட்டன்-ராப்சனைத் தூக்கிப் பலகையில போட்றாத. ரெண்டுக்கு வர்க்கமூலம் கேளு. 1.414-ன்னு கோரஸா கத்துவாங்க. "அந்த 414 எங்கருந்து வந்துச்சு?"ன்னு கேளு. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேக்கும். அப்ப கால்குலேட்டரை உள்ள வைக்கச் சொல்லிட்டு, 3/2-ல ஆரம்பி. ரெண்டை அதால வகுத்தா 4/3. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்குனா 17/12. அதே வேலைய இன்னொருக்கா செஞ்சா 577/408. அதை வர்க்கம் பண்ணிப் பாரு: ரெண்டுக்கு மேல 1,66,464-ல ஒரே ஒரு பங்குதான் கூட. யாகமேடைக்கு அளவு சொன்ன போதாயனரோட சுல்ப சூத்திரத்துலயும் இதே 577/408 தான் வருது. என்னோட துண்டு வித்தை இம்புட்டு கிட்டத்துல வரணும்னா பதினேழு, பதினெட்டு தடவை அழுத்தணும், மாடே தூங்கிரும். ஏன் அது மெதுவு, இது வேகம்? அதை அவங்களையே சண்டை போட விடு. நீ போய் வடை தின்னு.

எம்பேரன் ஒரு கதை சொன்னான். கனடாவுல வான்கூவர் பங்குச் சந்தை, 1982-ல குறியீட்டை 1000-ன்னு ஆரம்பிச்சாங்களாம். ஒவ்வொரு கணக்குலயும் மூணு தசமத்துக்கு அங்கிட்டு உள்ளதைக் கம்ப்யூட்டர் வெட்டி எறிஞ்சிருக்கு. கிட்டத்து எண்ணுக்கு மாத்தலை, வெறும் வெட்டு. நாளைக்குச் சுமார் 3000 வெட்டு. 1983 நவம்பர்ல 524-ன்னு நொண்டிக்கிட்டு நின்னுச்சாம். திருத்திப் போட்டா 1098! பொட்டலத்துக்கு ரெண்டு பருப்பு கொறைக்கிற கடைக்காரன் தோத்தான் போ. "மூணு தசமத்துக்குத் திருத்தமாக"ன்னு கேள்வித்தாள்ல எழுதுற கை, இந்தக் கதையக் கேட்டா சித்த நிக்கும்.

சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு. அந்த 625 ரூவாக் கதைய உங்க அத்தைகிட்ட மூச்சு விட்றாத. அவகிட்ட நான் சொன்ன வெலை கொஞ்சம் தோராயமானது.